மந்திரம் போட்ட மல்லாட்டை

போன வாரம் ஷேர் ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் நம் வயதுக்காரர் ஒருவர். நரைத்த மீசை, மடியில் காய்கறிப் பை. வழியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் டீச்சர் ஒருவர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே ஓடினார். அதைப் பார்த்துவிட்டு இவர், "இவங்களுக்கு இன்னா கஷ்டம்? மழ பெஞ்சா லீவு, வெயிலடிச்சா லீவு, தீபம்னா லீவு. லீவுக்கும் சம்பளம். பொழப்புன்னா அது பொழப்பு" என்றார். ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எதிர்த்துப் பேசுகிற தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுகிற ஆள். ஆனால் இறங்கிப் போய் கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் சப்பாத்தி மாவை உருட்டும்போது உருண்டையெல்லாம் நசுங்கிப் போயிற்று. பயத்தினால் இல்லை, கோபத்தினால்.

அடி அண்ணாமலையில் அந்த ஓட்டுப் பள்ளிக்கூடத்துத் தரையில் என்னோடு உட்கார்ந்தவர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆறாவதோடு நின்றவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். இதைப் படித்து யாருக்காவது மனஸ்தாபம் வருமோ என்று நானும் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல்தான் இருந்தேன். வரட்டும். நம் ஐந்தாம் வகுப்பு டீச்சரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்று நாம் ஒருவருக்கொருவர் ஒரு தரமாவது பேசியிருக்கிறோமா?

அப்போதுதான் பௌர்ணமிக்குப் பெருங்கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. அதற்கு முன் மலை சுற்றுகிறவர்கள் நம் ஊரைக் கடப்பது அங்கொருவர் இங்கொருவராகத்தான். திடீரென்று மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள். செருப்பில்லாத கால்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஐப்பசி மழை மாதிரி. மாடு வைத்திருந்தவர்கள் மோர் விற்றார்கள். கொல்லையில் எலுமிச்சை இருந்தவர்கள் சோடாவில் பிழிந்தார்கள். எங்கள் வீட்டில் மல்லாட்டை. இப்போது எல்லோரும் வேர்க்கடலை என்கிறார்கள். எங்கள் வாய்க்கு அது என்றைக்கும் மல்லாட்டைதான்.

கடையில் உட்கார ஆள் வேண்டுமே. அதற்கு நாம் இருந்தோம். அதனால் பௌர்ணமியன்று பள்ளிக்கூடம் காலி. மறுநாளும் காலி, ஏனென்றால் பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெரிய வாத்தியார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே செய்தார். பௌர்ணமியன்று காலையில் மணி அடிப்பார். வந்திருக்கிற நாலு பிள்ளைகளை எண்ணெய் படிந்த மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார். மதியத்துக்கு முன்னாலேயே மறுபடி மணி அடித்துவிட்டு சைக்கிளை எடுப்பார். "ஊரோட ஒத்துப் போறவருப்பா. தங்கமான மனுசன்" என்று நம் அப்பாக்கள் சொன்னார்கள். நமக்கும் அவர் தங்கம்தான். எந்தப் பிள்ளைக்கு மணி அடித்தால் பிடிக்காது?

அந்த வருஷம் ஆடி கழிந்து டீச்சர் வந்தார். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து ஊர் முனையில் இறங்கி நடந்து வருவார். ஒல்லியான உடம்பு. தோளில் கித்தான் பை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கும்போது ஏதோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்பு அவருக்கு. அதாவது நாம்.

வந்த சில நாளிலேயே அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். நம்மில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பாடத்தைப் பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டு, அவள் பக்கம் திருப்பும்போது நானும் திருப்புவேன். டீச்சர் என்னை வெளியே கூட்டிப்போய் தண்ணித் தொட்டியில் எழுதியிருந்ததைக் காட்டி, "இது என்ன?" என்றார். நான் அழுதேன். அவர் திட்டவில்லை. "இதுக்கு ஏன் அழுவற? தொட்டி எங்கயும் ஓடிடாது" என்றார்.

நான் அழுததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. வீட்டில் அப்பா சொல்லியிருந்தார்: "இந்த வருசமும் படிப்பு ஏறலன்னா அனுப்பாத. கடைல குந்தட்டும்." அம்மா சரி என்று தலையாட்டியிருந்தாள். அந்த வருஷம் முடிவதற்குள் எழுத்துக் கூட்டிப் படித்தாக வேண்டும், இல்லையென்றால் அவ்வளவுதான். ராத்திரி பாயில் படுத்தால் இதே நினைப்பு. கவலைப்படுகிற பழக்கம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்ததோ என்னவோ.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. டீச்சருக்கு அது முதல் பௌர்ணமி. அன்றைக்கு நான் விளக்குமாறு எடுத்துப்போகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கடை போடுகிற இடத்தைப் பெருக்க வேண்டுமென்று அம்மா வாங்கிவரச் சொல்லியிருந்தாள். வராந்தாவில் டீச்சரும் பெரிய வாத்தியாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைங்க எங்க சார்?"

"இன்னைக்குப் பௌர்ணமிம்மா. வரமாட்டாங்க. நீயும் கெளம்பு. பஸ்ஸு கூட்டமாயிடும்."

"லீவு விட்டிருக்காங்களா?"

"விடல. நாமதான் பாத்து நடந்துக்கணும். ஊரோட ஒத்துப் போவணும். உனக்கு வயசு கம்மி, போகப் போகத் தெரியும்."

டீச்சர் பையைத் தோளில் மாட்டினார். "சரி சார். புள்ளைங்க இருக்கிற எடத்துக்கு நான் போறேன்" என்றார். பெரிய வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார்.

எங்கள் கடை என்றால் இரண்டு சாக்கு, ஒரு கூடை, ஒரு இரும்பு வாணலி. புளியமரத்தடியில், மலை முழுசாகத் தெரிகிற இடம். அம்மா மணலைக் காய்ச்சி அதில் மல்லாட்டையைக் கொட்டி வறுப்பாள். மணலும் தோலும் சேர்ந்து கருகுகிற அந்த வாசனை இருக்கிறதே, இன்றைக்கு எந்தக் கடையிலும் அது இல்லை. எல்லாம் மெஷினில் வறுத்து வருகிறது. பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் கட்டுவது என் வேலை. சூட்டில் பேப்பர் மையெல்லாம் விரலில் ஒட்டும். பக்கத்தில் சோடாக்கடை மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அந்தப் பக்கம் கற்பூரத் தட்டோடு என் வகுப்புத் தோழி. அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை அவள் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள்.

டீச்சர் நேராக வந்து என் சாக்கில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய் எழுந்தாள்.

"இன்னா டீச்சர், மண்ணுல குந்திக்கினு! மல்லாட்ட சாப்புடுங்க."

"கடல வேணாங்க. உங்க பொண்ண நான் கூட்டிட்டுப் போகல, பயப்படாதீங்க. அவ விக்கட்டும். நான் பக்கத்துல இருக்கேன், அவ்ளோதான்."

"இருந்து?"

"படிக்க வைக்கிறேன்."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா சோடாவை உடைத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு டீச்சர் இந்த வேல? சர்க்காரு இதுக்குத் தனியா குடுக்குதா?" என்றார். டீச்சர் சிரித்தார். "குடுத்தா உங்களுக்கும் பங்கு தரேன்" என்றார்.

எதைப் படிப்பது? புத்தகத்தை விரித்தால் வியாபாரம் கெடும். டீச்சர் நான் சுருட்டி வைத்திருந்த கூம்பை எடுத்துப் பிரித்தார். இங்கிலீஷ் பேப்பர். ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து எடைக்கு வாங்கியது. அடுத்ததும் இங்கிலீஷ். "இது ஆகாது" என்றார். மறு பௌர்ணமிக்குக் கித்தான் பை உப்பலாக வந்தது. அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த வாரப் பத்திரிகைகள், சிறுவர் கதைகள். கத்தரிக்கோலால் அவரே வெட்டியிருந்தார், ஒரு துண்டில் ஒரு பத்தி முழுசாக இருக்கும்படி. எழுத்து வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி சுருட்டச் சொன்னார். சட்டம் ஒன்றே ஒன்று: கூம்பில் ஒரு வரியை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் மல்லாட்டையைக் கொட்ட வேண்டும். கற்பூரம் விற்றவளுக்கும் அதே சட்டம். மோர் விற்றவனுக்குப் பேப்பர் இல்லை. அவனுக்கு மட்டும் சிலேட்டு.

அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு சந்தோஷம், பேப்பர் சும்மா கிடைத்தது.

முதலில் நான் ஒரு வரிக்குத் திணறித் தண்ணி குடிப்பேன். வாங்க வந்தவர்கள் "சீக்கிரம் குடும்மா" என்று கத்துவார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்து, "ஒரு நிமிஷம்ங்க, படிக்கிற புள்ள" என்பார். எத்தனை பேரிடம், எத்தனை தரம்! அவர் காலை மடக்கி உட்கார்ந்து மரத்துப்போய், எழுந்திருக்கும்போது புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதியச் சாப்பாட்டு டப்பாவை நம்மில் யாராவது ஒருவர் காலி செய்திருப்போம். அப்போது அதெல்லாம் எனக்கு ஒன்றுமாகவே தெரியவில்லை.

ஐப்பசிப் பௌர்ணமியன்று, தூறல் விட்டு எல்லாம் பளிச்சென்று இருந்த சாயங்காலம், நான் ஒரு கூம்பை எடுத்துப் படித்தேன். ஒரு ஜோக். டாக்டரிடம் ஒருவர் போய், "மறதி ஜாஸ்தியா இருக்கு டாக்டர்" என்கிறார். "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்க, "எது எப்போதிலிருந்து?" என்கிறார் அவர். முதல் வரியைப் படித்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. அடுத்த வரிக்கு என் கண் தானாகவே போயிற்று. கடைசி வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சொல்லாமல், யாரும் விளக்காமல், பேப்பரிலிருந்து நேராக எனக்கு வந்த சிரிப்பு. நிமிர்ந்தால் டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோக்குக்காக அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு சிவந்துபோய், மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்கு இந்த டீச்சர் அழுகிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அவருடைய வீட்டுக்காரர் மொபெட்டில் வந்தார். வண்டியை அணைக்காமலே நின்றார்.

"உம் புள்ளைக்கு ஜுரம் அனலாக் கொதிக்குது. நீ ஊரான் புள்ளைக்கு அ ஆ சொல்லிக் குடுத்துக்கினு ரோட்டுல குந்திக்கினு இருக்க."

டீச்சர் எழுந்தார். "காலைல இல்லையே" என்று மட்டும் சொன்னார். போகும்போது என்னிடம், "அந்த ரெண்டாவது பேப்பர் கட்டையும் படிச்சிடு" என்று சொல்லிவிட்டுத்தான் பின்னால் ஏறினார்.

மொபெட் மறைந்ததும் அம்மா சொன்னாள்: "புருசனுக்கு அடங்காதவ. பெத்தத உட்டுட்டு வந்து இன்னா டீச்சரு." மாமா, "அதான் நானும் சொல்றேன்" என்றார். என்னைப் படிக்கவைக்க வந்தவரைப் பற்றி, என்னைக் கடையில் உட்காரவைத்தவர்கள் பேசிய பேச்சு அது. இன்றைக்கு நினைத்தாலும் காது எரிகிறது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து. மெட்ராஸ் பக்கத்து அம்மாள் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, என்னிடம் பொட்டலம் கேட்டு நின்றார். நான் வழக்கம்போல் கூம்பை முகத்துக்கு நேரே பிடித்து, முணுமுணுவென்று ஒரு வரி படித்து, பிறகு மல்லாட்டையைக் கொட்டிக் கொடுத்தேன். அந்த அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டார்.

"என்ன மந்திரம் சொன்ன கண்ணு?"

நான் அடுத்த கூம்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய துணைவர், "கேக்காத, சொல்லக்கூடாது. இந்த மலையச் சுத்தி சித்தருங்க எந்த ரூபத்துல வேணும்னாலும் குந்தியிருப்பாங்க" என்றார். அந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுப் பூஜையில் வைக்கிறாராம். இன்னும் ஐந்தாறு கேட்டார். எல்லாவற்றுக்கும் மந்திரம் சொல்லித் தரச் சொன்னார்.

நம் ஊரில் எது வேண்டுமானாலும் நடக்கும், தெரியாதா? அடுத்த பௌர்ணமியே கார்த்திகை தீபம். அதற்குள் டவுன் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. அடி அண்ணாமலைப் புளியமரத்தடியில் பெண் குழந்தைகள் மந்திரம் ஓதி மல்லாட்டை தருகிறார்கள், அதைத் தின்றால் தீராத வயிற்றுவலி தீருகிறது. தீபத்தன்று மத்தியானமே எங்கள் சாக்கைச் சுற்றிக் கூட்டம். அம்மாவால் வறுத்து முடியவில்லை. எதிர்வரிசைக் கடைக்காரிகளும் தங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து முணுமுணுக்கச் சொன்னார்கள். சோடாக்கடை மாமாவிடம் ஒருவரும் நிற்கவில்லை. சோடா புட்டியைப் பார்த்து மந்திரம் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது அம்மா என் காதில் சொன்னாள்: "ஏன்டி இத்தினி நேரம்? படிக்காத. சும்மா வாய மட்டும் அசை. மட மடன்னு கைமாத்து."

நான் வாயை அசைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? கூம்பில் எழுத்து இருந்தது, கண்ணெதிரே இருந்தது, நான் பார்க்கக்கூடாது. இதை எங்கே போய்ச் சொல்வது?

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தபோது நானும் என் தோழியும் எதிர்வரிசைப் பிள்ளைகளும் எல்லோரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை. என் கையிலிருந்த கூம்பைப் பிடுங்கி, வரிசையில் நின்ற ஜனங்களுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இது மந்திரம் இல்லீங்க. இது தலைவலித் தைல விளம்பரம். கேளுங்க" என்று உரக்கப் படித்தார். "இவங்க என் வகுப்புப் புள்ளைங்க. படிக்கக் கத்துக்கிறாங்க. கடல நல்ல கடல, வாங்கிச் சாப்புடுங்க. சாமி எல்லாம் இல்ல."

கூட்டம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. ஒருவர், "நம்பிக்கையக் கெடுக்குது பாரு பொம்பள" என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா வாணலியைக் கீழே வைத்த சத்தம் இன்னும் கேட்கிறது.

"எங்க வயித்துல அடிக்கத்தான் வந்தியாம்மா நீ?" அதுவரை டீச்சர் என்றவள் அன்றைக்கு நீ என்றாள்.

"அவ படிக்க ஆரம்பிச்சுட்டா. நீங்களே அத நிறுத்தச் சொன்னா எப்படி?" என்றார் டீச்சர். குரல் தணிந்திருந்தது. "நீங்க விக்கிறத நான் கெடுக்க வரல. அவ படிக்கிறத நீங்க கெடுக்காதீங்க."

மேலே தீபம் ஏற்றினார்கள். சுற்றிலும் அரோகரா என்று சத்தம். அம்மாவும் கும்பிட்டாள், மாமாவும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போய், யாரையோ பிடித்து, கல்வி அதிகாரிக்கு மனு எழுதினார்.

மனுவில் இருந்தது இதுதான் என்று பிறகு ஊரே சொன்னது: டீச்சர் பள்ளிப் பிள்ளைகளை வகுப்புக்கு வரவிடாமல் ரோட்டில் உட்காரவைத்து, மந்திரம் என்று பக்தர்களை ஏமாற்றி, கடலை விற்கிறார். பேப்பர்கூட அவர்தான் சப்ளை. பாருங்கள். நம்மை ரோட்டில் உட்காரவைத்தவர்கள் அத்தனை பேரும் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்மேல் பழி.

மார்கழியில் அதிகாரி விசாரிக்க வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான் எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தோம். பெரிய வாத்தியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், இளநீர் வரவழைத்தார். "நான் அப்பவே சொன்னேன் சார். கேக்கல. எனக்கு இதுல சம்பந்தமில்ல" என்றார். டீச்சர் ஜன்னலோரம் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி அம்மாவைக் கேட்டார். "பேப்பர் யார் குடுத்தது?"

"டீச்சர்தான் சாமி."

"வாய்விட்டுச் சொல்லச் சொன்னது?"

"டீச்சர்தான்."

"பௌர்ணமியன்னிக்கு ரோட்டுல பசங்ககூட குந்தியிருந்தது?"

"ஆமாங்க. டீச்சர்தான்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "எம் பொண்ண நான்தான் கடைல வெச்சேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. அதை அம்மா சொல்லவில்லை. சொன்னால் தன்மேல் கேஸ் வரும் என்று பயந்தாளோ, தீபத்தன்று போன வியாபாரத்தின் கோபமோ. அவளுக்கு அடுத்து வந்த அம்மாக்களும் அதே பதிலைச் சொன்னார்கள்.

நான் எழுந்து நின்றேன். "சார், டீச்சர் படிக்கத்தான் சொன்னாங்க. நான் படிச்சுக் காட்டறேன் சார்" என்றேன். சாட்சிக்காக மாமா கொண்டுவந்து வைத்திருந்த பொட்டலம் ஒன்று மேசைமேல் இருந்தது. அதை எடுத்துப் படித்தேன். திணறாமல் படித்தேன். ஏதோ ஒரு ராஜா வேட்டைக்குப் போகிற கதை. காட்டுக்குள் ராஜா வழிதவறுகிற இடம் வரை வந்துவிட்டேன்.

"சரி சரி, குந்து" என்றார் அதிகாரி. என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினார். பிரித்தார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார். "நல்லாத்தான் வறுத்திருக்கீங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பெரிய வாத்தியார் சிரித்தார். அதிகாரி பேப்பரைக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தார். டீச்சரின் தோளை உரசிக்கொண்டு அது வெளியே போயிற்று.

படிக்கத் தெரியாத ஒரு பெண் சில மாதத்தில் படிக்கிறாள். ஒரு டீச்சர்மேல் விசாரணை நடத்த வந்தவருக்கு அது விசாரிக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லையே! டீச்சர் மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். நன்றாகப் படித்தாய் என்பதற்கு வகுப்பில் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

தைக்கு முன்னாலேயே மாற்றல் வந்துவிட்டது. ஜவ்வாது மலைப்பக்கம், பஸ் போகாத ஊர். கைக்குழந்தைக்காரி அங்கே எப்படிப் போய் வருவார் என்று யாரும் யோசிக்கவில்லை. "நல்லதாப் போச்சு, இனிமே நிம்மதி" என்றார் மாமா. பெரிய வாத்தியாரின் மணி பழையபடி மதியத்துக்கு முன்பே அடித்தது. அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது போனேன். புதுசாக வந்த டீச்சர்களுக்குப் பெரிய வாத்தியார் முதல் நாளே ஊரோடு ஒத்துப்போகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பௌர்ணமிக்கு நின்றவள் மறுநாளும் நின்றேன், பிறகு மறுவாரமும் நின்றேன். ஏன் வரவில்லை என்று ஒருவரும் தேடி வரவில்லை. அப்பா சொன்னது ஒரு வருஷம் தள்ளி நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, நான் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் காலையில் அவரைப் பார்த்தேன். பௌர்ணமி இல்லை, சாதாரண நாள். கிரிவலப் பாதையில் தனியாக நடந்து வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. தலைப்பை இடுப்பில் செருகியிருந்த விதத்தில்தான் அடையாளம் தெரிந்தது. ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது.

"எங்க படிச்ச? என்ன பண்ற?"

"ஆறாவதோட நின்னுட்டேன் டீச்சர்."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். "நான் போனதாலதான நின்னுட்ட?" என்றார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பயந்த சுபாவக்காரி நான், நடுரோட்டில் கத்திவிட்டேன். "நீங்க ஏன் டீச்சர் இதக் கேக்கறீங்க? நீங்களா என்ன நிறுத்துனீங்க?" அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்! அப்பா கேட்டாரா? அம்மா சாகும்வரை ஒரு நாளாவது கேட்டாளா? பெரிய வாத்தியார் மாலையும் மரியாதையுமாக ஓய்வுபெற்றுப் போனார். மாமா கடையைப் பெரிதாக்கிக்கொண்டார். ஒருவருக்கும் உறுத்தவில்லை. தப்பே செய்யாத இந்த ஒரு மனுஷிதான் இத்தனை வருஷமாக அதைச் சுமந்திருக்கிறார்.

"மாத்தல் வந்தப்ப நான் சண்ட போட்டிருக்கணும்" என்றார் அவர். "புள்ள சின்னதா இருந்துச்சு. பயந்துட்டேன்."

"நாங்க போட்டிருக்கணும் டீச்சர். எங்க வூட்டுப் பெரியவங்க போட்டிருக்கணும்."

அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"எட்டாவது பரீட்ச தனியா எழுதலாம் தெரியுமா?"

"இந்த வயசுலயா டீச்சர்?"

"வயசு ஜாஸ்தியானா எழுதக்கூடாதுன்னு எங்கயும் போடல. கணக்கு எவ்ளோ ஞாபகம் இருக்கு?" பேசிக்கொண்டே கல்லில் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "வேலைக்கு எத்தன மணிக்குப் போவணும்?"

மலை சுற்றுகிறவர்கள் பாதியில் நிற்கக்கூடாது, ஆரம்பித்த இடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று நம் ஊரில் சொல்வோம். வெயில் ஏறியது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். அன்றைக்கு டீச்சர் மலை சுற்றி முடிக்கவில்லை.